கருப்பட்டி காய்ச்சுற விடிலியைப் பாக்கப் போறீங்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசி பிறந்துவிட்டால் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். சென்னையிலிருந்து சித்தி மகன், பெங்களூரிலிருந்து கூடப் படித்தவர்கள், அவர்களுடைய அலுவலக நண்பர்கள் என்று ஆள்தான் மாறும், கேள்வி மாறாது. உடன்குடிப் பக்கத்து ஆள் என்பதால் நானும் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இனிமேல் இதை அனுப்பிவிடலாம் என்று எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

விடிலின்னா என்ன? அங்க போய் என்னத்தப் பாக்க?

பனங்காட்டுக்குள்ளேயே ஓலையால் வேய்ந்து போடும் குடிசைதான் விடிலி. ஒரு பக்கம் பெரிய அடுப்பு, அதன்மேல் தாச்சி என்கிற அகலமான பாத்திரம், மூலையில் காய்ந்த ஓலையும் மட்டையும் குவிந்து கிடக்கும். பனையேறி இறக்கிக்கொண்டு வரும் பதநீரை (எங்கள் பக்கம் பயினி என்போம்) அவர் வீட்டுப் பெண்கள் அங்கேயே காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குகிறார்கள். சில குடும்பங்கள் பருவம் முடியும் வரை விடிலியிலேயே தங்கிவிடுவதும் உண்டு.

பார்க்க என்ன இருக்கிறது என்றால், மரத்தில் சொட்டிய நீர் அன்று மத்தியானத்துக்குள் கல் மாதிரிக் கட்டியாகக் கையில் வருவதை முழுதாகப் பார்க்கலாம். அதற்குப் பொறுமை வேண்டும். அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புகிற ஆளாக இருந்தால் வழியில் ஒரு பட்டை (பனையோலையை மடித்துச் செய்த குவளை) பயினி குடித்துவிட்டுப் போய்விடலாம், குறையொன்றும் இல்லை.

தீபாவளி லீவுல வர்றோம், அப்போ பாக்கலாமா?

முடியாது. பனை பாளை (பூங்குலை) விடுவதுதான் கணக்கு, அதிலிருந்துதான் பயினி சொட்டும். மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி வரை நடக்கும். சித்திரையும் வைகாசியும் உச்சம். மழைக்காலத்தில் விடிலியில் அடுப்புகூட இருக்காது, ஓலையைப் பிரித்துப் போட்டிருப்பார்கள்.

பள்ளி விடுமுறையும் பருவமும் மே மாதத்தில் சேர்ந்து வருவதால் அதுவே தோது. வெயில் கொளுத்தும், அதைச் சொல்லிவிடுகிறேன்.

எந்த ஊருக்குப் போகணும்? எப்படிப் போறது?

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு ரயில் இருக்கிறது. ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர் வழியாகப் போகும். திருச்செந்தூரில் இறங்கி உடன்குடிக்குப் பஸ் பிடித்தால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான். உடன்குடி, பரமன்குறிச்சி, குதிரைமொழித் தேரி (தேரி என்றால் செம்மணல் மேடு), சாத்தான்குளம், அப்படியே மேற்கே வந்தால் திசையன்விளை, இட்டமொழி. இந்த வட்டாரம் முழுக்கப் பனைதான். 1986 வரை எல்லாம் ஒரே திருநெல்வேலி மாவட்டம். இப்போது பாதி தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. பேச்சும் பழக்கமும் இன்னும் நெல்லைச் சீமைதான்.

பஸ் நிற்கும் இடத்தில் விடிலி இருக்காது. மெயின் ரோட்டிலிருந்து செம்மண் தேரிக்குள் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். ரோட்டோரத்தில் பயினி விற்பவரிடம் "அண்ணாச்சி, இங்க யாரு காய்ச்சுதாவ?" என்று கேளுங்கள். கூகுள் மேப்பில் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

டிக்கெட் உண்டா? ஸ்காட்லாந்துல விஸ்கி ஆலையைச் சுத்திக் காட்டினாங்களே, அந்த மாதிரி டூர் இருக்கா?

இதைக் கேட்டவர் நிஜமாகவே ஸ்காட்லாந்து போய் வந்தவர். அங்கே பார்லியை முளைகட்டி, மாவாக்கி, வெந்நீரில் கரைத்து, புளிக்க வைத்து, செம்புப் பானையில் வடித்து, ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று வருடம் ஊற வைக்கிறார்கள். சுற்றிக்காட்ட ஆள் உண்டு, கடைசியில் ஒரு மடக்கு ருசி பார்க்கக் கொடுப்பதும் உண்டு.

இங்கே அதெல்லாம் கிடையாது. விடிலி ஒரு குடும்பம் பிழைக்கிற இடம். உங்களுக்காக யாரும் வேலையை நிறுத்தி விளக்கம் சொல்ல மாட்டார்கள். வேலை நடக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். முதல் நாளே யார் மூலமாவது சொல்லி அனுப்பிவிட்டுப் போனால் நல்லது. ஐந்தாறு பேருக்கு மேல் கும்பலாகப் போகாதீர்கள்.

எத்தனை மணிக்குப் போகணும்? ஒம்பது மணிக்கு டிபன் முடிச்சிட்டு வந்தா போதுமா?

போதாது. பனையேறி விடியுமுன்னே மரத்தடியில் இருப்பார். ஆறு மணிக்கு நீங்கள் காட்டுக்குள் இருந்தால்தான் ஏறுவதைப் பார்க்கலாம். இடுப்பில் அருவாப்பெட்டி, அதற்குள் பாளை சீவுகிற அரிவாள், சுண்ணாம்பு, பாளையை நசுக்கும் கடிப்பு, கூடவே ஒரு குடுவை. கலயத்தில் இரவெல்லாம் சொட்டி நிற்பதைக் குடுவையில் ஊற்றிக்கொண்டு, பாளை நுனியை மெல்லிசாக ஒரு சீவு சீவி, கலயத்தை மறுபடி மாட்டிவிட்டு இறங்குவார். சீவு தடித்தால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும், சீவாமல் விட்டால் நீர் அடைத்துக்கொள்ளும். இப்படி முப்பது நாற்பது மரம். சாயங்காலமும் ஏற வேண்டும். பலர் மத்தியானமும் ஏறுகிறார்கள்.

காய்ச்சுவது அதற்கப்புறம். பயினியை வடிகட்டினால் தேனீயும் எறும்புமாக ஒரு கை வரும், முகம் சுளிக்காதீர்கள், இனிப்பு இருக்கும் இடத்துக்கு அவைதானே முதலில் வரும். தாச்சியில் ஊற்றித் தீ மூட்டியதும் வெள்ளையாக நுரை கட்டும், அழுக்கை அள்ளி எறிவார்கள். ஒரு கட்டத்தில் நுரை விறுவிறுவென்று விளிம்புக்கு ஏறும். அப்போது காய்ச்சுகிற அக்கா, நசுக்கிய ஆமணக்கு முத்தைக் கொஞ்சம் கிள்ளிப் போடுவார். அவ்வளவுதான், பொங்கியது அப்படியே அடங்கிவிடும். அந்த எண்ணெய்ப் பசைக்கு நுரை நிற்காது.

இரண்டு மூன்று மணி நேரம் இப்படியே போகும். தண்ணீர் நிறம் வெளிறிய மஞ்சளாகி, பழுப்பாகி, கூப்பனி என்கிற கெட்டிப் பாகாகும். குமிழி பெரிதாகி 'பொதக் பொதக்' என்று சத்தம் மாறும்போது கண்ணை எடுக்காதீர்கள். சிரட்டையில் (கொட்டாங்கச்சியில்) இருக்கும் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். கரைந்தால் இன்னும் ஆகவில்லை. உருண்டையாக நின்றால் இறக்க வேண்டும். ஒரு நிமிஷம் தாமதித்தால் கசந்துவிடும். இறக்கியதும் துடுப்பால் தாச்சியின் ஓரத்தில் தேய்த்துத் தேய்த்துக் கிண்டுவார்கள், அப்போதுதான் மணல் கட்டும். உடனே நனைத்த சிரட்டைகளில் ஊற்றல். ஆறியதும் தட்டினால் அரைவட்டமாக விழும். இதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறீர்கள், அதனால் பத்து மணிக்குக் கிளம்புகிற அவசரம் வேண்டாம்.

கலயத்துல சுண்ணாம்பு தடவுறாங்களே, எதுக்கு? வயித்துக்குக் கெடுதல் இல்லையா?

பாளையிலிருந்து சொட்டுகிற நீரில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை. கோடை வெயிலில், திறந்த கலயத்தில், காற்றிலுள்ள ஈஸ்ட் விழுந்தால் சில மணி நேரத்தில் புளித்துவிடும். சுண்ணாம்பு அந்த ஈஸ்ட்டையும் பாக்டீரியாவையும் வளரவிடாது. அளவுதான் கைப்பழக்கம்: குறைந்தால் புளிக்கும், கூடினால் நாக்கு எரியும்.

குடிக்கக் கொடுப்பது தெளியவைத்து இறுத்த பயினிதான். ஓலைப் பட்டையில் நுங்கு வெட்டிப் போட்டுக் குடித்தால் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் பழக்கமில்லாதவர்கள் ஒரே மூச்சில் மூன்று பட்டை குடித்தால் வயிறு பேசும். ஒன்றோடு நிறுத்துங்கள். காலையிலேயே குடித்துவிடுங்கள், வெயில் ஏறினால் ருசி மாறிவிடும்.

அப்போ சுண்ணாம்பு தடவாம விட்டா கள்ளுதானே? யாருகிட்டயாவது சொல்லி ஒரு பட்டை வாங்கித் தர முடியுமா?

முதல் கேள்விக்கு, ஆமாம். இரண்டாவதற்கு, முடியாது. தமிழ்நாட்டில் 1987 ஜனவரி முதல் தேதியிலிருந்து கள் இறக்கவும் விற்கவும் தடை. கேரளத்தில் கள்ளுக்கடைக்கு உரிமம் உண்டு, இங்கே இல்லை. தடை சரியா தப்பா என்று ஊரில் தினமும் பேச்சு நடக்கிறது; அரசுக் கடையில் பிராந்தி விற்கும்போது கள்ளுக்கு மட்டும் என்ன என்று கேட்பவர்கள் பக்கம்தான் நானும்.

ஆனால் நீங்கள் கேட்டுவிட்டு ரயிலேறிப் போய்விடுவீர்கள். கேஸ் வாங்குவது பனையேறி. விடிலியில் இந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். எடுத்தால் உங்களைச் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள், அதில் தப்பும் இல்லை.

அடுப்பு, பாத்திரம், காய்ச்சுறது எல்லாம் ஒண்ணுதானே? இதையே காய்ச்சினா சாராயம் ஆகாதா?

ஆகாது. புளித்தால்தான் போதை. மேலே சொன்ன விஸ்கிக்காரர் புளித்ததைச் சூடாக்கி, மேலே போகிற ஆவியைப் பிடித்துக் குளிர்வித்துச் சேர்க்கிறார். விடிலியில் புளிக்கவே விடுவதில்லை. ஆவியைப் போக விட்டுவிட்டு அடியில் நிற்பதை எடுக்கிறார்கள். இலங்கையில் தென்னங்கள்ளை வடித்துச் சாராயம் செய்வது அனுமதியுள்ள தொழில். இங்கே வேண்டாம், போன பதிலைப் பாருங்கள்.

ஆண் பனை, பெண் பனை ரெண்டுலயும் பயினி வருமா?

வரும். ஆண் பனையை அலகுப் பனை என்றும் பெண் பனையைப் பருவப் பனை என்றும் சொல்வார்கள். நுங்கு பருவப் பனையில் மட்டும். அதிலும் பாளையைப் பயினிக்குச் சீவிவிட்டால் அந்தப் பாளையில் நுங்கு கிடையாது. ஒரே மரத்தில் இரண்டையும் கேட்காதீர்கள்.

நானும் கொஞ்சம் ஏறிப் பாக்கலாமா? ஜிம்முக்கெல்லாம் போறேன்.

கூடாது. தென்னை மாதிரி இல்லை, பனையின் உடம்பு சொரசொரப்பு, நெஞ்சையும் தொடையையும் தேய்த்துவிடும். மேலே மட்டையின் இரு ஓரமும் ரம்பப் பல். பழகியவர்களே விழுந்து முதுகொடிந்து கிடக்கிற தொழில் இது. "ஒரு பத்தடி மட்டும்" என்று கெஞ்சி அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

சின்னப் பிள்ளைகளைக் கூட்டிட்டு வரலாமா? என்ன போட்டுட்டு வரணும்?

வரலாம், ஆனால் தாச்சியிலிருந்து நாலு எட்டு தள்ளி நிற்கச் சொல்லுங்கள். கொதிக்கிற பாகு தோலில் பட்டால் தண்ணீர் மாதிரி ஓடாது, ஒட்டிக்கொண்டு வேக வைக்கும். தாச்சியின் அடியில் ஒட்டியதைச் சுரண்டிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள், ஆறிய பிறகு வாங்கிக் கொடுங்கள்.

காலுக்கு ஷூ. பத்து மணிக்கு மேல் தேரி மணலில் செருப்புக்குள்ளேயே சுடும், போதாததற்கு உடைமுள். தொப்பி, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கழிப்பறை இருக்காது, பஸ் ஏறுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

காசு குடுத்தா தப்பா நினைப்பாங்களா? போட்டோ எடுக்கலாமா?

வெறும் காசை நீட்டினால் பலர் வாங்க மாட்டார்கள். "விருந்தாளிக்கிட்ட எப்படிய்யா வாங்க" என்பார்கள். குடித்த பயினிக்குக் கேட்டுக் கொடுத்துவிட்டு, போகும்போது இரண்டு கிலோ கருப்பட்டி பேரம் பேசாமல் வாங்குங்கள். அதுதான் மரியாதை. வீட்டுப் பிள்ளைகளுக்கு நோட்டு, பேனா வாங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு.

போட்டோவுக்குக் கேட்டுக்கொள்ளுங்கள், அதுவும் பெண்களிடம் கட்டாயம். அடுப்பு வெக்கையில் வேர்த்து விறுவிறுத்து நிற்கிறவரைத் திடீரென்று படம் பிடித்தால் யாருக்குப் பிடிக்கும்? மரத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு "இந்தப் பக்கம் பாருங்க அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லவே கூடாது.

விடிலியில வாங்கினா விலை குறையும்னு நினைச்சேன். பஜாரைவிடக் கூடுதலா சொல்றாங்களே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு முதல் பத்து லிட்டர் பயினி வேண்டும். அதற்கு எத்தனை மரம், எத்தனை தடவை ஏறி இறங்குவது, அப்புறம் விறகு, மூன்று மணி நேரம் அடுப்படி. இத்தனையும் சேர்ந்த பொருள் சீனியைவிடக் கொஞ்சம்தான் கூட என்று ஒரு கடையில் கிடைத்தால், அதில் பாதிக்கு மேல் சீனிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பருவம் உச்சத்தில் இருக்கும்போது விலை இறங்கும், கார்த்திகை மார்கழியில் ஏறும். வருடத்துக்கு வேண்டியதை வைகாசியிலேயே வாங்கி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

சீனி கலந்திருக்கா இல்லையான்னு வீட்டுலயே கண்டுபிடிக்க வழி இருக்கா?

உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் ஆய்வகம்தான். வீட்டுச் சோதனை எல்லாம் குத்துமதிப்பு. உடைத்தால் உள்ளே கண்ணாடித்தூள் மாதிரி பளபளவென்று மின்னினால் சந்தேகப்படலாம். நல்ல கருப்பட்டி உள்ளே மங்கலாக இருக்கும். வாயில் போட்டால் முதலில் இனிப்பு, பின்னால் லேசான கரிப்பு, அதற்கும் பின்னால் ஒரு புகை வாசம். சீனி கலந்தது இனிப்போடு முடிந்துவிடும். தண்ணீரில் கரைத்தால் அடியில் கொஞ்சம் வண்டல் நிற்க வேண்டும். அதனால்தான் கருப்பட்டிக் காப்பியை இறுத்துக் குடிக்கிறோம்.

கறுப்பாக இருந்தால்தான் அசல் என்பது தப்பான எண்ணம். தீயின் வேகம், பயினி இறக்கிய நேரம், சுண்ணாம்பின் அளவு, எல்லாமே நிறத்தை மாற்றும். ஒரே விடிலியில் திங்கட்கிழமைக் கருப்பட்டியும் வியாழக்கிழமைக் கருப்பட்டியும் வேறு வேறு நிறத்தில் இருக்கும். எல்லாக் கட்டியும் அச்சில் வார்த்ததுபோல ஒரே நிறம், ஒரே பளபளப்பு என்றால்தான் நான் யோசிப்பேன்.

பாக்கெட்டுல 'உடன்குடி கருப்பட்டி'ன்னு போட்டிருக்கு, புவிசார் குறியீடும் இருக்கே. அப்போ நம்பலாம்ல?

உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மை. அது அந்த வட்டாரத்துக்கும் அங்கே செய்கிற முறைக்கும் கிடைத்த பாதுகாப்பு. ஆனால் பெயரை அட்டையில் அச்சடிக்க யாராலும் முடியும். உடன்குடி வட்டாரத்திலேயே மூட்டை மூட்டையாகச் சீனியைப் பாகில் சேர்த்ததாக உணவுப் பாதுகாப்புத் துறை பிடித்த செய்திகள் வந்திருக்கின்றன. ஊர்ப் பெயரை மட்டும் பார்க்காதீர்கள், யார் காய்ச்சியது என்று விசாரியுங்கள். கண்முன்னே சிரட்டையில் ஊற்றியதை வாங்குவதற்கு மிஞ்சி நம்பிக்கை எதுவும் இல்லை. விடிலிக்கு வரச் சொல்வதே அதற்காகத்தான்.

எனக்குச் சுகர் இருக்கு. சீனிக்குப் பதிலா இது சாப்பிடலாம்னு சொல்றாங்களே?

சொல்கிறவர்கள் பெரும்பாலும் விற்கிறவர்கள். கருப்பட்டியில் சீனியில் இல்லாத தாது உப்புகள் கொஞ்சம் உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும். டாக்டரிடம் கேளுங்கள், "கருப்பட்டிதானே" என்று தினமும் மூன்று காப்பி குடிக்காதீர்கள்.

போன வருஷம் வாங்கினது மழைக்காலத்துல இளகிப்போச்சு. ஏமாத்திட்டாங்களா?

இல்லை. கருப்பட்டி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். விடிலிக்காரர்கள் ஓலைக் கொட்டானில் கட்டி அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிவிடுவார்கள், புகைக்கும் சூட்டுக்கும் வருடம் முழுக்க நிற்கும். உங்கள் பிளாட்டில் பரண் ஏது? வெயிலில் நன்றாகக் காய வைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். இளகியதைத் தண்ணீர் விட்டுக் காய்ச்சி வடிகட்டிப் பாகாக வைத்துக்கொள்ளலாம். பச்சையாகவோ மயிர் மாதிரியோ பூஞ்சை பிடித்திருந்தால் மட்டும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சில்லுக்கருப்பட்டி, பனங்கற்கண்டு இதெல்லாமும் அங்கேயே பாக்கலாமா?

சில்லுக்கருப்பட்டி பார்க்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால். பாகில் சுக்கு, மிளகு இடித்துப் போட்டுச் சின்னச் சின்னதாக ஊற்றுவது. எல்லா நாளும் செய்ய மாட்டார்கள். கற்கண்டு வேறு வேலை. பாகைக் கருப்பட்டிப் பதத்துக்கு முன்னாலேயே இறக்கி, நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி, மாதக் கணக்கில் அசையாமல் வைக்க வேண்டும். நூலில் மெதுவாகக் கட்டி ஏறும். ஒரு நாள் விருந்தாளிக்கு அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

எங்க தாத்தா காட்டுல பத்திருபது பனை சும்மா நிக்குது. யாருகிட்டயாவது விட்டு நாமளே கருப்பட்டி எடுக்கலாமா?

விடிலியைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்த ஆசை வந்துவிடும். மரம் பிரச்சினை இல்லை, ஏறுவதற்கு ஆள்தான் இல்லை. ஐந்தாவது பதிலில் சொன்ன வேலையைப் படித்த பையன் ஏன் செய்வான்? பக்கத்தில் ஏற்கெனவே ஏறிக்கொண்டிருக்கிறவர் யாரென்று பார்த்து, உங்கள் மரத்தையும் சேர்த்து ஏறச் சொல்லிக் கேளுங்கள். குத்தகைக்குப் பணமாகவும் பேசலாம், கருப்பட்டியாகவும் பேசலாம். ஒரு நாள் பயினி அவருக்கு, மறுநாள் மரக்காரருக்கு என்று பங்கு வைப்பதும் உண்டு. பத்து மரத்துக்காகத் தனியாக யாரும் வர மாட்டார்கள். வருடக்கணக்கில் ஏறாத மரமென்றால் காய்ந்த ஓலையெல்லாம் கழித்துச் சுத்தம் பண்ணவே கூலி தனியாகும்.

ஆள் கிடைக்கவில்லை என்று வெட்டிச் செங்கல் சூளைக்கு விற்றுவிட நினைத்தால், பனை தமிழ்நாட்டின் மாநில மரம், வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்திருக்கிறது. இன்றைக்கு ஒரு விதை போட்டால் பாளை விட எப்படியும் பதினைந்து இருபது வருடம் ஆகும். மரத்தை நிற்க விட்டுவிட்டு, ஏறுகிற ஆளைத் தேடுங்கள். மாசிக்கு முன்னால், தை மாதத்திலேயே பேசி முடித்துவிட வேண்டும். பாளை வந்தபிறகு போனால் அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும்.